நிவாரண மொய் விருந்து: பந்தலுக்குப் பின்னால் என்னென்ன வேலை?

கேள்வி: வெள்ளத்தில் வீடிழந்த குடும்பங்களுக்காக மொய் விருந்து நடத்திப் பணம் திரட்டலாமென்று எங்கள் ஊர் இளைஞர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம். மொய் விருந்தைச் செய்திகளில் பார்த்ததோடு சரி. பந்தலுக்குப் பின்னால் என்னென்ன வேலை இருக்கும், எத்தனை ஆள் வேண்டும், சிக்கல் எங்கே வரும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல முடியுமா?

பதில்:

நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் தினம் ஒரு மொய் விருந்து. மொய் எழுதும் மேசையில் கல்லூரிக் காலத்திலிருந்து உட்கார்ந்து வருகிறேன். நிவாரணத்துக்காக நடந்தவற்றிலும் பந்தி, கணக்கு இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

கறிக்கு விலை விசாரிப்பதற்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். வருகிற மொய்யை யார் திருப்பிச் செய்வது?

இந்தக் கேள்வி உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். எங்கள் ஊர் மொய் விருந்து எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்தான் இதற்குப் பேர்போனவை. ஆடி, ஆவணியில் பத்து இருபது பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். பந்தல், சமையல், பத்திரிகைச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆனால் மொய் நோட்டு அவரவருக்குத் தனி. போன தடவை நான் உங்களுக்கு ஆயிரம் செய்திருந்தால், என் விருந்துக்கு வரும்போது நீங்கள் அந்த ஆயிரத்தைத் திருப்பிச் செய்து, மேலே ஒரு தொகையைப் புதுநடையாக வைப்பீர்கள். அந்தப் புதுநடை இனி என் தலையில். ஒருவர் விருந்து வைத்தால் அடுத்தது வைக்க ஐந்து வருஷம் ஆகும். கிணறு வெட்டியது, பெண்ணைக் கட்டிக்கொடுத்தது, பையனைச் சிங்கப்பூர் அனுப்பியது என்று எத்தனையோ குடும்பங்கள் இந்தப் பணத்தில் தலையெடுத்திருக்கின்றன. வட்டியில்லாத பணம்தான், ஆனாலும் கடன் கடன்தான். திருப்பிச் செய்யாதவர் வீட்டுக்கு நோட்டோடு ஆள் போகும்.

இப்போது நிவாரண விருந்துக்கு வாருங்கள். பெயர் எழுதி, தொகை எழுதி, நோட்டில் ஏற்றுகிறீர்கள். அந்த நோட்டின் மேலே யார் பெயர் இருக்கும்? விருந்து வைத்த இளைஞர் மன்றமா, வீடிழந்த குடும்பமா, பத்திரிகையில் முதலில் பெயர் போட்ட ஆளா? இதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டால், நாலு வருஷம் கழித்து யாராவது ஒருவர் தன் வீட்டுக் காதுகுத்துக்கு, பத்திரிகையில் பெயர் போட்டிருந்த அந்த ஆளைத் தேடி வந்து, 'அன்றைக்கு உன் விருந்தில் இரண்டாயிரம் செய்தேனே' என்று கேட்பார். அவர் கேட்பதிலும் தப்பில்லை. மொய் என்று அழைத்தீர்கள், மொய் என்று செய்தார். உங்கள் கொங்குப் பக்கத்திலும் கல்யாண மொய் நோட்டைப் பத்திரமாக வைத்துப் பார்த்துத்தானே திருப்பிச் செய்கிறார்கள்?

அதனால் மூன்று இடத்தில் இதைப் பச்சையாகச் சொல்லிவிட வேண்டும். அழைப்பிதழில் ஒரு வரி: 'இந்த விருந்தில் செய்யப்படும் மொய் முழுவதும் நிவாரணத்துக்கே, யாரும் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை.' மொய் மேசைக்கு மேலே அதே வரி ஃபிளெக்ஸில். மூன்றாவது, மைக்கில் அரைமணிக்கொரு தரம். எழுத்துப் படிக்காத பெரியவர்கள் நிறையப் பேர் வருவார்கள், மைக் அவர்களுக்காக.

அடுத்த சந்தேகம் உடனே வரும். திருப்பிச் செய்ய வேண்டாதது என்றால் பெயர் எதற்கு, ஒரு உண்டியலை வைத்துவிட்டால் வேலை மிச்சமாகுமே என்று. எங்கள் பக்கத்து இளைஞர்களும் ஒரு விருந்தில் அப்படித்தான் யோசித்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் எழுதுங்கள், பத்து ரூபாய் என்றாலும் எழுதுங்கள். ஒரு நிவாரண விருந்தில் வயதான ஆயா ஒருவர் மேசைக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஐம்பது ரூபாயை வைத்தார். மேசையிலிருந்த பையன் அவசரத்தில் நோட்டை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, "சரிங்க ஆயா" என்றான். அவர் நகரவில்லை. "எழுதலையே தம்பி" என்றார். "திருப்பிச் செய்யாத மொய்யி ஆயா, எழுதணும்னு இல்ல." "செய்யாட்டிப் போறாங்க. நான் வந்தேன்னு இருக்கணும்ல?" என்று சொல்லி, ஊர், தெரு, மகன் பெயர் எல்லாம் வரிசையாகச் சொன்னார். அவன் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் பந்திக்குப் போனார். உண்டியலில் போட்டால் அது காணிக்கையோடு காணிக்கையாகப் போயிருக்கும். நோட்டில் ஏறினால் அவரும் அந்தக் காரியத்தில் ஒரு பங்காளி. இந்த முறையில் நிதி திரட்டுவதற்கு ஊரில் இவ்வளவு வரவேற்பு இருப்பதற்குக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். கை நீட்டி நன்கொடை கேட்டால் ஒதுங்கிப் போகிறவர்கூட, பத்திரிகை வைத்து அழைத்துச் சாப்பாடு போட்டால் தன் கௌரவத்துக்குத் தக்கபடி செய்யாமல் போகமாட்டார்.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் நிலச்சரிவில் போனபோது, திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை நிவாரணத்துக்காக மொய் விருந்து நடத்தியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் தேநீர் மொய் விருந்தே வைத்தார். டீயைக் குடித்துவிட்டு மனசுக்குத் தோன்றியதை மொய்யாகப் போட்டுவிட்டுப் போகலாம். கேரளத்தில் அதே சமயம் இளைஞர் அமைப்புகள் 'பிரியாணி சேலஞ்ச்' என்று பொட்டலம் போட்டு வீடு வீடாக விற்றுப் பணம் சேர்த்தன. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலையில் கரையேறி எங்கள் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனபோது, முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து எங்களுக்கு அரிசியும் தார்ப்பாயும் வந்தது. நிவாரண விருந்து என்றால் எங்கள் ஆட்கள் கூப்பிடாமலே வேலைக்கு வந்து நிற்பதற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

இனி மேசை வேலை. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாம்பாரில் உப்புக் குறைந்தால் அன்றைக்கோடு மறந்துவிடுவார்கள், கணக்கில் ஒரு நூறு ரூபாய் குறைந்தால் ஆயுசுக்கும் பேசுவார்கள்.

எங்கள் ஊரில் ஊர்வாரியாக மேசை போடுவோம். ஒவ்வொரு மேசைக்கும் மேலே அந்தந்த ஊர்ப் பெயர் எழுதிய அட்டை தொங்கும். அந்த ஊர் ஆட்களை முகம் பார்த்து அடையாளம் தெரிந்தவரைத்தான் அங்கே உட்கார வைப்போம். ஒரே ஊரில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், 'எந்தத் தெரு, யார் மகன்' என்று கேட்டு எழுதத் தெரிய வேண்டும். ஒரு மேசைக்கு மூன்று பேர் தேவை. பணத்தை வாங்கி எண்ணி, தொகையைச் சத்தமாகச் சொல்பவர் ஒருவர். எழுதுபவர் ஒருவர். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, ரசீது கிழித்துக் கொடுத்து, பணத்தைப் பெட்டியில் போடுபவர் ஒருவர். வாங்குகிறவரே எழுதக்கூடாது, எழுதுகிறவர் பணத்தைத் தொடவே கூடாது. அந்த மூன்று பேரும் ஒரே குடும்பத்து ஆட்களாகவும் இருக்கக் கூடாது. இது யார் மேலும் சந்தேகப்பட்டுச் சொல்வதில்லை, பின்னால் யாரும் யாரையும் சந்தேகப்படாமல் இருக்கத்தான்.

ஆயிரம் பேர் வருகிற விருந்துக்கு நாலு மேசை போதும். அதில் ஒன்றை ஜிபே, போன்பே ஆட்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். கியூஆர் அட்டையைப் பந்தல் கால்களில் எல்லாம் ஒட்டிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். யாராவது அதன் மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டால் கண்டுபிடிக்க ராத்திரி ஆகிவிடும். மேசையில் ஒரே ஒரு அட்டை, பக்கத்தில் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி, அது அறிவித்த பிறகு நோட்டில் பதிவு. தனிநபர் கணக்குகளில் யுபிஐ மூலம் நாள் ஒன்றுக்கு அனுப்ப உச்சவரம்பு இருக்கிறது, பொதுவாக ஒரு லட்சம். பெரிய தொகை செய்ய நினைப்பவர்களிடம் முன்கூட்டியே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட வேண்டும்.

நோட்டுக்குக் கட்டு நோட்டுத்தான் வாங்க வேண்டும், ஸ்பைரல் நோட்டு வேண்டாம். பக்க எண்ணை முன்னாடியே போட்டு வைத்துவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா, தொகை எண்ணாலும் எழுத்தாலும். அடித்தல் வந்தால் பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்து. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அடியில் கூட்டல் போட்டு, அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டு வந்து எழுதுவது பழைய முறை. அதை விடவே விடாதீர்கள். கடைசியில் மொத்தமாகக் கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் நள்ளிரவில் கண் சொக்கும்போதுதான் கூட்டுவீர்கள். இப்போது மொய் எழுதக் கணினியும் மென்பொருளும் வந்துவிட்டன, மதுரை, தேனிப் பக்கத்தில் மிகச் சாதாரணம். தொகையோடு பெயரை அச்சிட்டு உடனே ரசீது தந்துவிடும். வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், ஆனாலும் கைநோட்டு ஒன்று கூடவே ஓடட்டும். கரண்ட் போவது பந்திக்காகக் காத்திருக்காது.

ஒரு மணிக்கொரு தரம் பெட்டியை மாற்ற வேண்டும். நிறைந்த பெட்டியைப் பூட்டி, இரண்டு பேராகச் சேர்ந்து எண்ணும் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். எண்ணும் அறை பந்தலுக்குள் இருக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அறையோ, வீட்டு உள்ளறையோ போதும். எங்கள் பக்கத்துப் பெரிய விருந்துகளில் வங்கிக்காரர்களே கவுண்டர் போட்டு, பணம் எண்ணும் இயந்திரம், துப்பாக்கிக் காவலர் சகிதம் உட்கார்வார்கள். உங்களுக்கு அந்த அளவு தேவைப்படாது. ஆனால் உள்ளூர் வங்கி மேலாளரிடம் ஒரு வாரம் முன்பே பேசி, எண்ணும் இயந்திரத்தை ஒரு நாள் இரவலாகக் கேட்டுப் பாருங்கள். நல்ல காரியம் என்றால் பெரும்பாலும் தருவார்கள். கள்ளநோட்டு வந்து சேர்வதும் உண்டு. அவற்றைத் தனியாக ஒரு உறையில் போட்டு, 'செல்லாதது' என்று கணக்கிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இலைக்கடியில் பணம் வைத்துவிட்டுப் போகும் முறையை யாராவது யோசனை சொல்வார்கள். யார் எவ்வளவு வைத்தார் என்று தெரியாது என்பதால் இல்லாதவருக்குச் சங்கடமில்லை, அது ஒரு அழகான முறைதான். ஆனால் இலை எடுக்கிற பையன்கள் மேல் அத்தனை பாரமும் விழுந்துவிடும். ரசத்தில் நனைந்த நோட்டை வாளியிலிருந்து பொறுக்க வேண்டி வரும். அப்படித்தான் செய்வோம் என்றால், இலை எடுக்கும் முன் ஒவ்வொரு வரிசைக்கும் மூடிபோட்ட டப்பாவோடு இரண்டு பேர் போய்ப் பணத்தை மட்டும் முதலில் எடுத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் மேசைதான் நல்லது.

சமையல் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. சாப்பாட்டுச் செலவு ஒரு பைசாகூட மொய்ப் பணத்திலிருந்து போகக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேருக்குக் கறிச்சோறு என்றால் நூறு கிலோவுக்குக் குறையாமல் ஆட்டுக்கறி வேண்டும், அரிசியும் கிட்டத்தட்ட அவ்வளவு. கறி கிலோ எண்ணூறு ரூபாய் என்று வைத்தாலே எண்பதாயிரம். மளிகை, இலை, விறகு, பந்தல், பாத்திர வாடகை, சமையல்காரர் கூலி எல்லாம் சேர்ந்தால் தலைக்கு இருநூறு ரூபாய் போய்விடும். சராசரியாக ஆளுக்கு இருநூறு மொய் வந்தால் நிவாரணத்துக்கு மிஞ்சுவது என்ன? வெறும் பாத்திரம்தான். அதனால் முதலிலேயே ஒரு பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அரிசி ஆலைக்காரரிடம் அரிசி மூட்டை, மளிகைக் கடைக்காரரிடம் மசாலா சாமான், தோப்புக்காரரிடம் தேங்காயும் இலையும், சாமியானாக் கடைக்காரரிடம் வாடகையில் பாதி. பணமாகக் கேட்டால் யோசிப்பவர்கள் பொருளாகக் கேட்டால் உடனே தருவார்கள். அப்படியும் கறிக்குப் பணம் திரளவில்லையா, கோழி பிரியாணிக்கோ, முட்டையோடு தக்காளி சாதத்துக்கோ இறங்கிவிடுங்கள். டீயும் பன்னுமாக வைத்தாலும் மொய் விருந்துதான். இலை நிறையப் போட்டுப் பெருமையடிப்பதற்கு இது இடமில்லை.

கறி போடுவதென்றால் ஹலால் முறையில் அறுத்துத் தரும் பாயிடம் எடுங்கள். எல்லாச் சமயத்தாரும் ஒரே பந்தியில் கை நனைக்கலாம். சைவக்காரர்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி, தனிப் பந்தி வேண்டும். அதில் அலட்சியம் கூடாது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை நாள்களைத் தவிருங்கள். பலர் அன்று கவிச்சி தொடமாட்டார்கள். புரட்டாசி வேண்டவே வேண்டாம்.

சமையல் மாஸ்டரோடு பேசும்போது 'ஆயிரம் பேருக்கு' என்று சொன்னால் போதாது. எத்தனை பந்தி, ஒரு பந்திக்கு எத்தனை இலை என்று சொல்லுங்கள். இருநூறு இலைப் பந்தி ஒன்று உட்கார்ந்து எழுந்து, துடைத்து, அடுத்த இலை விழ அரைமணி நேரம் ஆகும். ஆயிரம் பேருக்கு ஐந்து பந்தி, ஆக இரண்டரை மணி நேரம். அவர் சோற்றை ஒரே தடவையில் வடித்துக் குவித்துவிட்டால் ஐந்தாம் பந்திக்கு ஆறிப்போய்க் கட்டியாகிவிடும். மூன்று தடவையாக வடிக்கச் சொல்லுங்கள். நல்ல மாஸ்டர் இதை அவராகவே கேட்பார். கேட்காத மாஸ்டரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. இலை கணக்குக்குப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், கிழிசல் நிச்சயம் இருக்கும். குடிக்கிற தண்ணீர் ஆளுக்கு அரை லிட்டர் என்று வைத்தால் இருபது லிட்டர் கேன் இருபத்தைந்து. கை கழுவ, பாத்திரம் கழுவத் தனியாக ஒரு டேங்கர் லாரி.

வேலை பார்க்கிற ஆட்களுக்கு முதல் பந்திக்கு முன்பே சாப்பாடு போட்டுவிட வேண்டும். இதை நிறைய இடத்தில் மறக்கிறார்கள். காலை நாலு மணியிலிருந்து வெங்காயம் உரித்தவர்களும் பந்தல் கட்டியவர்களும் மூன்று மணிக்கு அடிச்சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது கேவலம். மேசையில் இருப்பவர்களையும் மாற்றி மாற்றி அனுப்புங்கள். பசித்தவன் எண்ணுகிற பணம் தப்பும்.

அடுத்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஊர்களில் எச்சில் இலை எடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் இன்னார் வேலை என்று காலங்காலமாக ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். ஊருக்கு உதவ வைக்கிற விருந்தில் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்து நுழைக்காதீர்கள். இலை எடுக்கும் வேலையை விருந்து நடத்தும் குழுவின் தலைவரும் பொருளாளரும் முதல் பந்தியிலேயே எடுத்துக்கொள்ளட்டும். அதைப் பார்த்தபின் மற்ற பையன்களை யாரும் ஏவ வேண்டியதே இல்லை. அதேபோல, எந்தத் தெருக்காரர் வந்தாலும் காலியாக இருக்கிற அடுத்த இலையில்தான் உட்கார வேண்டும். முக்கியஸ்தர் பந்தி என்று தனியாக ஒன்றும் கிடையாது. அதிகாரி வந்தாலும், கட்சிக்காரர் வந்தாலும் அப்படித்தான். கட்சிக்காரர்கள் சம்பந்தமாக இன்னொன்றும் உண்டு: பந்தலில் எந்தக் கட்சிக் கொடியும் தலைவர் படமும் வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு எழுதிவிடுங்கள். பிறகு யார் வந்து கேட்டாலும் அந்தத் தாளைக் காட்டிவிடலாம்.

யாருக்கு உதவுகிறோமோ அந்தக் குடும்பங்களை மேடையில் ஏற்றி நிறுத்துவதைப் பற்றியும் கேட்பார்கள், கூட்டம் உருகும் என்று காரணமும் சொல்வார்கள். செய்யாதீர்கள். விருப்பப்பட்டு வந்தால் அவர்களும் எல்லோரையும் போலப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அவர்கள் வீடு இடிந்த படத்தை ஃபிளெக்ஸில் போடுவதும் அவர்களைக் கேட்டுத்தான்.

சட்ட விஷயம் சுருக்கமாக. பதிவுபெற்ற அறக்கட்டளையோ மன்றமோ இல்லாமல் தனிநபர் கணக்கில் பணம் வாங்குவது ஆபத்து. வருமான வரியில் அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டி வரும். உங்கள் ஊரில் ஏற்கெனவே இயங்கும் அரிமா சங்கம், ரோட்டரி, பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் மாதிரி ஏதாவது ஒன்றோடு சேர்ந்துகொள்வது உத்தமம். ஒரே நிகழ்வுக்காக ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். நன்கொடைக்கு வருமான வரியில் தரும் விலக்கு (80ஜி என்பார்கள்) வேண்டும் என்பவர்கள் ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் அந்த விலக்குக் கிடைக்காது, காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் வழி. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பணம் அனுப்ப ஆசைப்படுவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும், அதற்கான பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்ட மாமா பிரியத்தோடு அனுப்பினாலும் இதே கதைதான். ஊரில் இருக்கும் அவருடைய தம்பி தன் கைப்பணத்தில் செய்யட்டும். போலீஸ் அனுமதி, மைக் அனுமதி இரண்டும் எழுத்தில் வாங்குங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

ஆள் கணக்குக் கேட்டிருந்தீர்கள். ஆயிரம் பேர் விருந்துக்கு மேசைகளில் பன்னிரண்டு பேர், எண்ணும் அறையில் நாலு பேர், பரிமாற முப்பது பேர், இலை எடுத்துத் துடைக்கப் பத்துப் பேர், தண்ணீர், வண்டி நிறுத்தம், வாசலில் வரவேற்பு, மைக் என்று இன்னொரு பதினைந்து பேர். ஆக எழுபது பேருக்குக் குறையாமல் வேண்டும், சமையல் ஆட்கள் தனி. வாசலில் வரவேற்க வயதில் பெரியவர்களை நிறுத்துங்கள். "வாங்க, முதல்ல சாப்பிடுங்க" என்று கும்பிட்டு அழைக்க வேண்டும், மொய் மேசை எங்கே என்று அவர்கள் கை காட்டவே கூடாது. சாப்பிட்டு வெளியே வருகிற வழியில் மேசை இருந்தால் போதும். சாப்பிட்டுவிட்டு மொய் செய்யாமல் போகிறவர்களும் இருப்பார்கள். அவர்களை யாரும் பார்க்க வேண்டாம், கணக்கெடுக்கவும் வேண்டாம். அன்றைக்கு அவர் கையில் இருந்திருக்காது.

மிஞ்சிய சோற்றை எங்கே கொடுப்பது என்று முன்பே பேசி வையுங்கள். முதியோர் இல்லமோ, விடுதியோ, 'மூன்று மணிக்குத் தகவல் சொல்கிறோம்' என்று சொல்லிவைத்தால் அவர்கள் ராத்திரிச் சமையலை நிறுத்திவைப்பார்கள். கறிக்குழம்பை வெயிலில் சாயங்காலம் வரை வைத்திருந்து கொடுப்பது தர்மம் ஆகாது, வயிற்றுப்போக்குத்தான்.

விருந்து முடிந்த அன்று ராத்திரியே கணக்கை முடித்துவிட வேண்டும். மேசைவாரியாக நோட்டுக் கூட்டல், பெட்டிப் பணம், யுபிஐ வரவு, மூன்றையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதி, குழுவில் இல்லாத இரண்டு பெரியவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் காலை வங்கி திறந்ததும் மொத்தத்தையும் கட்டிவிட வேண்டும், ஒருவர் வீட்டு பீரோவில் இரண்டு நாள் இருந்தாலே பேச்சு கிளம்பும். மூன்றாம் நாள் வரவுசெலவை ஒரு தாளில் அடித்து டீக்கடை, ரேஷன் கடை, கோயில் வாசல், பள்ளிவாசல், தேவாலயம் எல்லா இடத்திலும் ஒட்டுங்கள். பொருளாகக் கொடுத்தவர்கள் பெயரும் அதில் வர வேண்டும்: அரிசி இன்னார், விறகு இன்னார் என்று. உதவி போய்ச் சேர்ந்த பிறகு இன்னொரு தாள்: இந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு, இன்ன தேதியில், இன்ன வழியில். முதல் தாளை எல்லா ஊரிலும் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டாவது தாளைத்தான் யாரும் ஒட்டுவதில்லை, ஊரார் கண் தேடுவது அதைத்தான்.

நோட்டை என்ன செய்வது என்று கடைசியில் ஒரு குழப்பம் வரும். எங்கள் பக்கத்தில் மொய் நோட்டு வீட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் இருக்கும். நிவாரண நோட்டை யார் வீட்டிலும் வைக்காதீர்கள், அமைப்பின் அலுவலகத்திலோ ஊர் நூலகத்திலோ இருக்கட்டும், யார் கேட்டாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று. ஒரு நகலை உதவி பெற்றவர்களுக்கும் கொடுங்கள், அவர்கள் கேட்டால் மட்டும். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து விருந்து ஒன்றில் உதவி பெற்ற ஒருவர் அந்த நகலை வாங்கிவைத்துக்கொண்டு, நோட்டில் இருந்த வீடுகளில் நல்லது கெட்டது எது நடந்தாலும் கையில் முடிந்ததோடு போய் நிற்கிறார். திருப்பிச் செய்ய வேண்டாம் என்று நாங்கள் மைக்கில் சொன்னது அவருக்கும் தெரியும்.

தேதி குறிக்கும் முன் சுற்றுவட்டாரத்தில் கோயில் கும்பாபிஷேகம், பெரிய கல்யாணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை நன்றாக நடந்துவிட்டது என்பதற்காக அதே ஊரில் அடுத்த வருஷமே இன்னொன்று வைக்கவும் வேண்டாம். எங்கள் ஊரில் ஐந்து வருஷ இடைவெளி வைத்திருப்பது காரணத்தோடுதான். ஊர்க்காரர்களின் கையிலும் பணம் சேர நாளாகும். உங்கள் மன்றத்தில் நோட்டு எழுதப் பழக்கமான ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், விருந்துக்கு முதல் நாள் எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து பழக்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் மேசையிலும் கூட உட்கார்ந்துவிட்டு வருவோம்.